கூற்றிழந்த தூண்கள்: வடமேற்குக் கரை மரச்சிற்பங்களில் விலங்குக் குறி

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், அலாஸ்காவின் தென்கிழக்குப் பகுதி தொடங்கிப் பிரித்தானியக் கொலம்பியாவின் கடலோரம் முழுதும் தொல்குடி மக்கள் பலர் வாழ்கின்றனர். டிலிங்கிட், ஹைடா, சிம்ஷியன், நிஸ்கா, ஹைஸ்லா, குவாக்குவாக்கவாக்கு என்போர் அவருட் சிலர். இவர்கள் செதுக்கி நிறுத்திய நெடுமரத் தூண்களை உலகம் 'டோட்டம் கம்பம்' என்னும் பெயரால் அறியும். காக்கையும் கரடியும் கழுகும் திமிங்கிலமும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்து அகலவிழித்து நோக்கும் அத்தூண்களைப் படத்திலேனும் காணாதார் சிலரே ஆவர்.

கண்டார் பலரும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. இவ்விலங்குகள் எதனைக் குறிக்கின்றன என்பதே அது. அதற்கு விடையாக அட்டவணைகள் பல வழங்குகின்றன. காக்கை சூழ்ச்சி, கரடி வலிமை, ஓநாய் சுற்றப் பற்று, தவளை செல்வம் என அவை நிரல்படக் கூறும். அகராதியிற் சொல்லுக்குப் பொருள் காண்பது போல விலங்குக்குப் பொருள் கண்டு தூணைப் படித்துவிடலாம் என்பது இவ்வட்டவணையாளர் துணிபு. அத்துணிபு பிழையுடையது என்பதும், இச்சிற்பங்களில் விலங்கின் பொருள் அதன் வடிவில் அடங்கியதன்று, அதனைச் சொல்லும் உரிமையுடையார் வாயில் அடங்கியது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவக் கருதுவன.

1. மரமும் தூணும்

இக்கரை மழைவளம் மிக்கது. இங்கு ஓங்கி வளரும் மரங்களுள் தலையாயது செங்கேதுரு. ஆங்கிலேயர் அதனைக் கேதுரு எனப் பெயரிட்டனரேனும், தாவர நூலார் கருத்தின்படி அது லெபனான் நாட்டுக் கேதுருவின் இனம் அன்று. நேரிய இழையோட்டம் உடையது, எளிதிற் பிளப்பது, எடை குறைந்தது, ஈரத்தில் விரைந்து இற்றுப்போகாத இயல்பினது. இம்மரத்தால் வீடும் தோணியும் பேழையும் முகமூடியும் செய்தனர். அதன் பட்டையை உரித்துப் பாயும் கயிறும் ஆடையும் ஆக்கினர். வாய்ச்சியும் வளைகத்தியும் சிற்பியர் கையாண்ட முதன்மைக் கருவிகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கிய பின்னர் இரும்புக் கருவிகள் பெருகின. தூண்களின் எண்ணிக்கையும் பருமனும் மிகுந்தன.

தூண்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. வீட்டின் உள்ளே கூரையைத் தாங்குவன சில. வீட்டின் முகப்பில் நிற்பன சில. இறந்த தலைவரின் நினைவாக அவர் வழியுரிமை பெற்றவர் நாட்டுவன சில. இறந்தோர் உடலை வைத்த பேழையைத் தலையில் தாங்கி நிற்பன சில. கொடாத கடனையும் செய்த இழிவையும் ஊரறியக் காட்டி ஒருவரை நாணச் செய்வனவும் உள. ஒரே விலங்கு இவ்வகை எல்லாவற்றிலும் வரக்கூடும். தூணின் நோக்கம் வேறுபடின் விலங்கின் வேலையும் வேறுபடும். அட்டவணை முறை தடுமாறும் முதல் இடம் இதுவேயாம்.

2. உறுப்பால் அறிதல்

ஒரு வடிவம் இன்ன விலங்கு என்று அறிவது ஒரு நிலை; அவ்விலங்கு இத்தூணில் ஏன் நிற்கின்றது என்று அறிவது மற்றொரு நிலை. இவ்விரண்டையும் பிரித்துக் காண்டல் வேண்டும். முதல் நிலைக்கு உரிய நெறியை வகுத்துக் கூறியவருள் பிரான்ஸ் போவாஸ் முதன்மையானவர். அவர் 1897ஆம் ஆண்டிலும் பின்னர் 1927ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தொன்மைக் கலை' என்னும் நூலிலும் இம்மரபின் அடையாள உறுப்புக்களைத் தொகுத்துக் காட்டினார். பீவர் எனப்படும் நீர்வாழ் விலங்குக்கு இரண்டு பெரிய முன்பற்களும், குறுக்குக் கோடிட்ட தட்டை வாலும், முன்கால்களிற் பற்றிய குச்சியும் அடையாளம். கொலைத் திமிங்கிலத்திற்கு முதுகில் நிமிர்ந்த நெடுந்துடுப்பு. சிறுசுறாவிற்குக் கன்னத்தில் வளைந்த செவுட்கோடுகளும் கீழ்நோக்கி இழிந்த வாயும். கழுகின் அலகு பருத்து நுனி கீழ்நோக்கி வளையும்; காக்கையின் அலகு நேரே நீளும்; பருந்தின் அலகோ பின்னோக்கி வளைந்து முகத்தையே தொடும். தவளைக்குப் பல்லற்ற அகன்ற வாய்.

இவ்வுறுப்புக்களுள் ஒன்றிரண்டு இருப்பினும் விலங்கு அறியப்படும். எனவே சிற்பி பிற உறுப்புக்களைத் தன் விருப்பம் போல் சுருக்கவும் பெருக்கவும் இடம் மாற்றவும் கூடும். பேழையின் நான்கு புறத்திலும் ஒரே விலங்கைப் படர விடுவார். முதுகின் வழியே பிளந்து இருபுறமும் விரித்தாற்போல இரு பக்கத் தோற்றங்களை முகத்தில் இணைப்பார். உடலைக் கூறுபடுத்தி, வெற்றிடம் இல்லாதபடி பரப்பை நிரப்புவார். இக்கோட்டு முறையின் இலக்கணத்தைப் பில் ஹோம் என்பார் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நுணுகி ஆராய்ந்தார். பருத்தும் மெலிந்தும் அறாது ஓடும் வடிவுக்கோடு, முட்டையை ஒத்த நீள்வட்டம், குளம்பு போன்ற வளைவு என்னும் சில அடிப்படைகளால் இக்கலை முழுதும் இயல்வதை அவர் காட்டினார். ஓசையும் சீரும் அறியாது பாட்டை நயப்பவர் இழப்பது எதுவோ, அதனையே இக்கோட்டிலக்கணம் அறியாது தூணைக் காண்பவரும் இழப்பர்.

ஆயினும் முதல் நிலையிலேயே ஓர் ஐயம் எழுகின்றது. சில்காட் போர்வை எனப்படும் நெய்பொருளுக்கு, ஆடவர் மரப்பலகையில் உருவம் எழுதித் தர, மகளிர் அதனைப் பார்த்து நெய்தல் மரபு. மரத்திற்கும் நெசவிற்கும் கோட்டிலக்கணம் ஒன்றே. அத்தகைய போர்வைகளுட் சிலவற்றிற்கு எம்மன்ஸ் என்பாரும் ஸ்வாண்டன் என்பாரும் அம்மக்களிடமே பொருள் கேட்டு எழுதினர். ஒரே போர்வைக்கு இருவரும் பெற்ற விளக்கங்கள் தம்முள் மாறுபட்டன. இம்மாறுபாட்டைப் போவாஸ் மறைக்கவில்லை, எடுத்துக்காட்டி ஆராய்ந்தார். கூறுபட்ட வடிவில் இன்ன விலங்கு என்பதே அம்மக்களுக்கும் ஒருதலையாகத் துணியவியலாதது என்றால், அவ்விலங்குக்கு ஒரு குணத்தைப் பொருத்தி இதுவே பொருள் என்பது எங்ஙனம் அமையும்?

3. 'டோட்டம்' என்னும் சொல்

பிழையின் வேர் பெயரிலேயே உள்ளது. டோட்டம் என்னும் சொல் இக்கரை மக்களின் சொல் அன்று. கிழக்கே பேரேரிகளைச் சூழ்ந்து வாழும் ஒஜிப்வே மக்களின் மொழியினின்று ஐரோப்பியர் அதனைப் பெற்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்லெனன், பிரேசர் முதலாயினோர் அச்சொல்லை ஒரு கொள்கையின் பெயராக்கினர். விலங்கை மூதாதையாக எண்ணி வழிபடுதலும், அதனைக் கொல்லாமையும் உண்ணாமையும், ஒரே குறியுடையார் தம்முள் மணவாமையும் ஒருங்கே சேர்ந்த ஒரு தொல்சமயம் உலகெங்கும் இருந்தது என அவர்கள் கருதினர். 1962ஆம் ஆண்டில் லெவி ஸ்ட்ராஸ் இக்கொள்கையை அலசி, வெவ்வேறு செய்திகளை ஒரு பெயரின்கீழ்ச் சேர்த்ததால் விளைந்த மயக்கமே அது எனக் காட்டினார்.

தமிழில் இச்சொல்லைக் 'குலக்குறி' என வழங்குகின்றோம். அச்சொல் ஒருவகையில் ஆங்கிலச் சொல்லினும் நன்று. வழிபாட்டுச் சாயல் அதில் இல்லை. புலியும் கயலும் வில்லும் மூவேந்தர்க்குக் குறியாயின. சோழன் புலியை வழிபட்டான் என்றோ பாண்டியன் கயலுண்ணாது விட்டான் என்றோ எவரும் கூறார். கொடியிற் புலி பொறிக்கும் உரிமை யாருடையது என்பதே அங்குப் பொருள். வடமேற்குக் கரைத் தூண்களின் நிலையும் இதனை ஒட்டியதே. அவை கோயில் அல்ல. விலங்குகள் தெய்வப் படிமங்களும் அல்ல. இவற்றை வழிபாட்டுப் பொருள் எனக் கருதி அழிக்கத் தூண்டிய சமயப் பரப்பாளரும், அவ்வாறே கருதி வியந்து பாராட்டியவரும் ஒரே பிழையின் இரு கரைகளில் நின்றனர் எனலாம்.

4. உரிமைப் பொருள்

ஹைடா மக்கள் காக்கைப் பிரிவினர், கழுகுப் பிரிவினர் என இரு பெரும் பிரிவினர். ஒரு பிரிவினர் மற்றப் பிரிவிலேயே மணத்தல் வேண்டும். பிள்ளைகள் தாயின் பிரிவைச் சார்வர். ஒவ்வொரு பிரிவினுள்ளும் குடிகள் பல உள. ஒவ்வொரு குடிக்கும் உரிய சின்னங்கள் வேறு. கொலைத் திமிங்கிலமும் கரடியும் காக்கைப் பிரிவுக் குடிகளிடையே காணப்படும்; கழுகும் பீவரும் கழுகுப் பிரிவுக் குடிகளிடையே காணப்படும். ஆகவே தூணொன்றில் கரடியைக் கண்ட ஹைடா ஒருவர் முதற்கண் நினைப்பது வலிமை என்னும் குணத்தை அன்று. இன்ன குடியினர் இவ்வீட்டார் என்னும் செய்தியையே ஆகும்.

டிலிங்கிட் மக்களிடம் இக்கருத்திற்குத் தனிச்சொல்லே உண்டு. 'அட்.ஓவ்' என்பது அது. உடைமையாக்கிக் கொண்ட பொருள் என்பது அதன் பொருள். அம்மொழியில் அறிஞராகிய நோரா டாவன்ஹவரும் அவர் கணவர் ரிச்சர்ட் டாவன்ஹவரும் 1987ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட தொகுதிகளில் இதனை விரிவாக விளக்கினர். ஒரு விலங்கின் உருவம் மட்டும் அன்று; அவ்விலங்கோடு முன்னோர் ஒருவர்க்கு நேர்ந்த நிகழ்ச்சி, அந்நிகழ்ச்சி நடந்த நிலம், அதனைச் சொல்லும் கதை, பாடும் பாட்டு, தாங்கும் பெயர் ஆகிய எல்லாம் சேர்ந்தே அவ்வுடைமையாகும். முன்னோர் பலர் தம் உயிரையே விலையாகக் கொடுத்து அதனைப் பெற்றனர் என்பது அம்மக்கள் கொள்கை. அவ்வுடைமையைப் பிற குடியினர் இசைவின்றி எடுத்தாளுதல் திருட்டாகும். உருவத்தைச் செதுக்குதல் மட்டும் அன்று, கதையைச் சொல்லுதலும் அவ்வாறே கருதப்படும்.

இவ்வுரிமை ஊரறியச் செய்யப்படும் இடம் போட்லாச் என்னும் பெருங்கொடை விழா. தூண் நாட்டும் போது விருந்தினர் கூடுவர். உரியவர் கதையை எடுத்துரைப்பர். வந்தோர் அனைவர்க்கும் பரிசில் வழங்குவர். பரிசில் பெற்றோர் சான்றாவர். எழுத்தாவணம் இல்லாத மக்களிடத்து, தூணும் கதையும் சான்றோர் நினைவும் மூன்றும் கூடியே ஆவணமாயின. மூன்றனுள் ஒன்றாகிய தூணை மட்டும் பெயர்த்தெடுத்தவர் ஆவணத்தின் ஓர் ஏட்டையே எடுத்தவர் ஆவர்.

5. உள்ளுறையும் கூற்றும்

இங்கே தமிழ் மாணவர்க்குத் தெரிந்த ஓர் இலக்கணம் துணைபுரியும். இரு மரபுகளுக்கும் வரலாற்றுத் தொடர்பு உண்டு என்பது எம் கருத்தன்று. ஒன்றை விளக்க மற்றொன்றை அளவுகோலாகக் கொள்கின்றோம், அவ்வளவே.

அகப்பாட்டில் விலங்கும் புள்ளும் மரமும் வருவது வாளா அன்று. அவற்றின் வாயிலாக வேறொரு பொருள் கொள்ளக் கிடக்கும். அதனை உள்ளுறை உவமம் என்பர். தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களே உள்ளுறைக்கு நிலைக்களன் ஆகும் என்பது தொல்காப்பியர் துணிபு. தெய்வத்தை நீக்கியது நுட்பமான வரையறை. வழிபடப்படும் பொருள் தன்னளவில் நிறைந்தது. அது மற்றொன்றிற்குக் குறிப்பாகி நிற்பதில்லை. வடமேற்குக் கரைத் தூணின் விலங்கும் தெய்வம் அன்மையாற்றான் குறியாகி நிற்க வல்லதாயிற்று என்பது முன்னர்க் கூறியவற்றால் விளங்கும்.

இன்னும் ஒரு வரையறை உண்டு. உள்ளுறையை யார் கூறலாம், எந்நிலத்துப் பொருளைக் கொண்டு கூறலாம் என்பதற்கும் தொல்காப்பியர் எல்லை வகுத்தார். தலைவி தான் அறிந்த பொருளைக் கொண்டே கூறுவாள். தோழியும் தன் நிலத்தைக் கடந்து உரையாள். தாமரைப் பொய்கையில் இறங்கி மலரை மிதித்துழக்கும் எருமை, தலைவி வாயில் ஒரு பொருள். பரத்தை வாயில் அதுவே வேறொரு பொருள் ஆகும். எருமைக்கு இன்ன குணம் என அட்டவணை எழுதி மருதப் பாட்டைப் படிக்கப் புகுந்தார் என்ன பெறுவர்? ஒன்றும் பெறார். கூற்று யாருடையது என அறிந்தபின்னரே எருமை பேசும். கூற்றுக் குறிப்புத் தொலைந்த பாட்டில் உரையாசிரியர்கள் தம்முள் மாறுபடுவதை நாம் அறிவோம்.

ஒரு வேறுபாட்டையும் மறவாது கூறல் வேண்டும். அகப்பாட்டில் கூற்றுக்குரியோர் பெயர் சுட்டப்படாத மாந்தர். கற்றார் எவரும் அப்பொருளை உணர்தற்கு உரியர். தூணின் கதையோ ஒரு குடியின் உடைமை. ஆகவே அங்குக் கூற்று என்பது இலக்கண வரையறையோடு நில்லாது வாழ்க்கை உரிமையாகவும் விளங்குகின்றது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அலாஸ்காவின் டாங்கஸ் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நாட்டப்பட்ட டிலிங்கிட் தூண் ஒன்றின் உச்சியில், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் உருவம் நிற்கின்றது. அடியில் காக்கை அமர்ந்துள்ளது. அடிமைகளை விடுவித்த பெருமகனுக்கு நன்றி கூறி எடுத்த தூண் இது எனப் பல்லாண்டு எழுதினர். உரிய குடியினர் கூறும் செய்தி வேறு. வெள்ளையரை முதன்முதற் கண்ட பெருமை தம் முன்னோர்க்கு உரியது என்பதை நிலைநாட்டக் காக்கைக் குடியினர் அத்தூணை எடுத்தனர். வெள்ளையர் உருவம் ஒன்று செதுக்க வேண்டியிருந்தமையின் கையிற் கிடைத்த லிங்கன் படத்தைச் சிற்பி பார்த்துச் செதுக்கினார். உலகறிந்த மனித முகத்திற்கே கூற்றறியாது பொருள் கொள்ளின் இத்துணைப் பிழை நேரும் என்றால், காக்கைக்கும் கரடிக்கும் கூறவேண்டுவது என்னை?

6. கூற்றிழந்தமை

இத்தூண்கள் கூற்றை இழந்தது இயற்கையாக அன்று. 1862ஆம் ஆண்டில் பரவிய பெரியம்மை கரையோர ஊர்கள் பலவற்றைப் பாழாக்கியது. கதை அறிந்த முதியோரும் கேட்க வேண்டிய இளையோரும் ஒருங்கே மாய்ந்தனர். கனடா அரசு 1884ஆம் ஆண்டில் இயற்றி அடுத்த ஆண்டில் நடைமுறைப்படுத்திய சட்டம் போட்லாச் விழாவைக் குற்றமாக்கியது. அத்தடை 1951 வரை நிலவியது. 1921ஆம் ஆண்டின் இறுதியில் டான் கிரான்மர் என்பார் நடத்திய விழாவிற்குப் பின், ஆடினார், பாடினார், பரிசில் வழங்கினார் சிறை சென்றனர். முகமூடிகளும் பிற அணிகளும் பறிக்கப்பட்டு அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. அவற்றுட் பல மீண்டு, 1979ஆம் ஆண்டில் கேப் மட்ஜ் ஊரிலும் 1980ஆம் ஆண்டில் அலர்ட் பே ஊரிலும் அம்மக்களே அமைத்த காட்சியகங்களில் இடம்பெற்றன.

திறனாய்வாளராகிய நாம் நாணத்தக்க செய்தி ஒன்றும் உண்டு. மாரியஸ் பார்போ என்னும் கனடிய அறிஞர் தூண்களைச் சின்ன வாரியாகவும் பொருள் வாரியாகவும் வகுத்து 1950ஆம் ஆண்டில் பெருநூல் வெளியிட்டார். இத்துறையில் இன்றும் கைக்கொள்ளப்படும் நூல் அது. அவரே 1929ஆம் ஆண்டில் நிஸ்கா மக்களின் நீஸ்ஜூல் என்னும் நினைவுத் தூணை அகற்றி ஸ்காட்லாந்து நாட்டு அருங்காட்சியகத்திற்குச் சேர்ப்பித்தார். போரில் மாண்ட தம் குடி இளவல் ஒருவர்க்காக அக்குடிப் பெண்மணி ஒருவர் 1860களில் எடுப்பித்த தூண் அது. பொருளை வகுத்த கையே பொருளுக்கு உரியவரிடமிருந்து தூணைப் பிரித்தது. ஏறத்தாழத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2023ஆம் ஆண்டில் அது நிஸ்கா நாட்டிற்கு மீண்டது.

ஹைஸ்லா மக்களின் தலைவர் ஒருவர் 1872ஆம் ஆண்டில் எடுத்த தூணின் வரலாறும் இதனையொத்தது. 1929ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டிற்குச் சென்ற அது 2006ஆம் ஆண்டில் மீண்டது. அதற்கு ஈடாக அம்மக்கள் புதிய தூண் ஒன்றைச் செதுக்கி ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்திற்கு அளித்தனர். தூண் விழுந்து மண்ணோடு மண்ணாதலே அம்மரபின் முறை. வேண்டுமாயின் உரியவர் புதியதொன்றை எடுத்து உரிமையைப் புதுப்பிப்பர். மரத்தைக் காத்தலே காப்பு எனக் கருதும் காட்சியகத்தார்க்கு இது வியப்பாகலாம். கதையும் அதனைச் சொல்வாரும் உளராயின் மரம் அழிந்தும் பொருள் அழியாது. அவர் இலராயின் மரம் இருந்தும் பொருள் இல்லை.

7. ஒரு தடையும் விடையும்

கதை அறியாதார்க்கு இக்கலையில் ஒன்றுமே இல்லையோ எனின், அங்ஙனம் அன்று. கோட்டின் ஓட்டமும் வடிவின் செறிவும் எவர் கண்ணுக்கும் இன்பம் தருவன. ஹோம் வகுத்த கோட்டிலக்கணம் வெளியார்க்கு மட்டும் பயன்பட்டதன்று. முறையறிந்த சிற்பியர் அருகிய காலத்தில் அம்மக்களின் இளஞ்சிற்பியர்க்கும் துணையாயிற்று. ஹைடா மரபினரான பில் ரீட் 1980ஆம் ஆண்டில் முடித்த 'காக்கையும் முதல் மாந்தரும்' என்னும் பெருஞ்சிற்பம் வான்கூவர் பல்கலைக்கழகக் காட்சியகத்தில் உள்ளது. சிப்பியினுள் ஒடுங்கிய முதல் மாந்தரைக் காக்கை கண்ட கதையை அது காட்டுகின்றது. அதனை வியவாது செல்வார் அரியர்.

ஆயினும் அழகு உணர்தல் வேறு. பொருள் உணர்தல் வேறு. முன்னதற்குக் கண் போதும். பின்னதற்குக் கேட்டல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் இருபத்திரண்டு அகவையினரான ராபர்ட் டேவிட்சன், ஹைடா மக்களின் மாசெட் ஊரில் தூண் ஒன்றைச் செதுக்கி நிறுத்தினார். அவ்வூர் மக்கள் கண்முன் தூண் எழுந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தூணைச் செதுக்க ஓர் இளைஞர் போதியவரானார். அதனை எடுத்து நிறுத்தும் முறையோ முதியோர் பலர் கூடித் தத்தம் நினைவிலிருந்து பாட்டையும் ஆட்டத்தையும் ஒன்றுசேர்த்த பின்னரே கைகூடிற்று. சிற்பம் ஒருவர் கையால் ஆகும். அதன் கூற்று ஒரு குடியின் வாயால் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆகலின் இவ்விலங்குகளைப் பற்றி எழுதுவார் 'இது எதனைக் குறிக்கின்றது' என்னும் வினாவை விடுத்து, 'இது யாருடையது, யார் சொல்ல யார் கேட்டது' என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும். உரியவர் தாமே வெளியிட்ட கதை உளதாயின் அவர் பெயரோடு அதனை எடுத்தாளலாம். இல்லாதவிடத்து இன்ன விலங்கு என்னும் அளவில் நின்றுவிடுதல் நேர்மை. கூற்று அறியாத பாட்டுக்குத் தம் கருத்தைக் கூற்றாக ஏற்றி உரைப்பது உரையாசிரியர்க்கு இழுக்கு. தூணைப் படிப்பார்க்கும் அவ்விழுக்கு உண்டு என்பதே எம் முடிபு.